ரெண்டு டன் சங்கிலி

அதுல சாஞ்சிராத தாயி. அந்தப் பக்கம் கம்பி கிடையாது, வெறும் கயிறு. காத்து வருதேன்னு பால்கனிக்கு வர்றவங்க எல்லாரும் முதல்ல அங்கதான் போய்ச் சாய்றாங்க. இப்படி வந்து உக்காரு. ரேகைதான் உன் மெஷின்ல விழுந்துருச்சே, நான் உயிரோட இருக்கேன்னு கவர்மெண்டுக்குத் தெரிஞ்சு போச்சு. அடுத்த பென்ஷன்காரர் வீட்டுக்குப் பத்து நிமிஷம் பிந்திப் போனா அவருக்கு ஒண்ணும் ஆகிடாது. டீ போட்டிருக்கேன், குடி.

கம்பி என்னாச்சுன்னு கேக்கணும்னு இருக்கு உனக்கு. கேக்கலாம். முப்பத்திநாலு வருஷம் சயின்ஸ் டீச்சரா இருந்தவ நான், கேள்வி கேக்கிற பிள்ளைகளை எனக்குப் பிடிக்கும். கம்பியை அறுத்தது நான் வெளிய போறதுக்கு. ஆமா, அந்த வழியாத்தான். சேர்ல உக்காந்து, சங்கிலியில தொங்கி, தெருவுல போய் இறங்கினேன். போன மே மாசம். சிரிக்காதே. சிவகாசியில பாதிப் பேர் போன்ல அந்த வீடியோ இருக்கு.

முதல்லேருந்து சொல்றேன். எனக்கு முட்டித் தேய்மானம். சமதரையில நல்லா நடப்பேன், நின்னு சமைப்பேன், துணி துவைப்பேன். படிதான் ஆகாது. இந்த வீட்டுப் படியைப் பாத்தேல்ல? ஒவ்வொண்ணும் ஒன்பது இஞ்சு உயரம், நடுவுல ஒரு திருப்பம். கட்டின கொத்தனார் ஆறரை அடி ஆளு, அவருக்குத் தக்கன கட்டிட்டுப் போய்ட்டார். ரெண்டு வருஷம் முன்னாடி, ஜூலையில, ஒரு நாள் காலையில முதல் படியில காலை வச்சேன், முட்டி மடங்க மாட்டேன்னுருச்சு. அதோட மேலேயே இருந்துட்டேன். காய்க்கு மட்டும் கயித்துல கூடையை விடுவேன். மருந்து மாத்திரை கீழ் வீட்டுல பிரஸ் வச்சிருக்கிற அண்ணாச்சி வாங்கிக் கொடுத்திருவார்.

அதே ஜூலையிலதான் என் தங்கச்சி லில்லிபுஷ்பத்துக்கும் எனக்கும் பேச்சு நின்னது. அதுக்கும் முட்டிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அது ஞாயித்துக்கிழமை, இது செவ்வாக்கிழமை.

என்ன நடந்ததுன்னு கேளு. நீயே நியாயம் சொல்லு. லில்லி மூணாவது தெருவுலதான் இருக்கா. அவ மக ஜெமிமாவைப் பொண்ணு பாக்க வந்திருந்தாங்க. மாப்பிள்ளையோட அம்மா என் பக்கத்துல உக்காந்து, "பொண்ணு காலேஜ்ல எப்படிங்க டீச்சர்?"னு கேட்டாங்க. மூணு பேப்பர் அரியர் இருக்கு, ரெண்டு கணக்கு, ஒண்ணு இங்கிலீஷுன்னு சொன்னேன். இருந்துச்சு, சொன்னேன். பைபிள் மேல கை வச்சுக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கேசரியைக் கூட முடிக்காம எந்திரிச்சுப் போய்ட்டாங்க. சாயங்காலம் லில்லி என்கிட்ட சொல்றா: "அக்கா, இனிமே உன் கால் என் வாசப்படியில படக் கூடாது."

உண்மையைச் சொன்னதுக்கு. உண்மையைத் தவிர வேற பேசிப் பழக்கமில்லை தாயி எனக்கு.

போகட்டும். ரெண்டு வருஷம் போச்சு. போன ஏப்ரல்ல லில்லி வீட்டுக்காரர் ஏசுவடியான் பத்திரிகையோட வந்தார். "மதினி, ஜெமிமாவுக்கு அமைஞ்சிருச்சு. மே பதினாலு, நம்ம சர்ச்லதான்."

"லில்லி வரலையா தம்பி?"

"கீழ ஆட்டோவுல இருக்கா. முட்டி வலி, படி ஏற முடியலைங்கிறா."

லில்லிக்கு முட்டி வலியாம். இந்தப் படியில ரெண்டு ரெண்டாத் தாண்டி ஏறினவ. இதே பால்கனியிலேருந்து எட்டிப் பாத்தேன். ஆட்டோவுக்கு வெளிய முழங்கை மட்டும் தெரிஞ்சுது. நான் கூப்பிடலை. அவளும் தலையை நீட்டலை.

"உங்களை வரச் சொன்னா மதினி"ன்னார் ஏசுவடியான்.

"அவளே சொன்னாளா?"

கீழ போய்ட்டு வந்தார். "வர முடிஞ்சா வரச் சொன்னா."

"முடிஞ்சாங்கிறதை எந்த அர்த்தத்துல சொன்னா?"

மறுபடியும் கீழ போனார். நாலாவது தடவை ஏறி வந்தப்போ அவர் நெஞ்சுல கையை வச்சுக்கிட்டார். நான்தான் பாவம்னு விட்டேன்.

வரமாட்டேன்னு நினைச்சிருக்கா. படி இறங்க முடியாது, அதனால தைரியமாக் கூப்பிடறா. அப்படி நினைச்சதும் எனக்கு ஒரு வேகம் வந்துருச்சு. போயே தீரணும். ஜெமிமாவுக்காக, அவ்வளவுதான். லில்லிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை.

சர்ச் வாலிபர் சங்கத்துலேருந்து நாலு பேர் வந்து சேரோட தூக்கிப் பாத்தாங்க. ஆறு படி வந்துட்டோம். அந்தத் திருப்பம் இருக்கே, அங்க சேர் திரும்பலை. முன்னாடி ரெண்டு பேர் கீழ, பின்னாடி ரெண்டு பேர் மேல, நான் நடுவுல வானத்தைப் பாத்துக்கிட்டு. "ஒரு பக்கம் சாய்ங்கப்பா"ன்னேன். நாலு பேரும் நாலு பக்கம் சாஞ்சாங்க. ஆறு படியும் திரும்ப ஏத்திக் கொண்டாந்து வச்சுட்டு, தண்ணி குடிச்சுட்டுப் போய்ட்டாங்க.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கு. கீழ பிரஸ் அண்ணாச்சி பேப்பர் வெட்டற மெஷின் ஒண்ணு பழசு வாங்கியிருந்தார். லாரியில வந்து நிக்குது. அதை இறக்க ஒரு ஆளு வந்தான். மூணு இரும்புக் குழாயைக் கூம்பா நிறுத்தி, உச்சியில செயின் பிளாக்கை மாட்டினான். செயின் பிளாக் பாத்திருக்கியா? பூசணிக்காய் கனத்துல ஒரு இரும்பு டப்பா, உள்ள பூராவும் பல்சக்கரம். ஒரு சங்கிலி கையால இழுக்க, ஒரு சங்கிலி பாரத்துக்கு. கைச்சங்கிலியை அறுபது அடி இழுத்தா பாரம் ஒரு அடி நகரும். சின்னப் பல்சக்கரம் வேகமாச் சுத்தும், அது தள்ற பெரிய சக்கரம் நிதானமாச் சுத்தும், ஆனா பலமாச் சுத்தும். விசையில லாபம், தூரத்துல நஷ்டம். எங்க, திருப்பிச் சொல்லு பாப்போம். சரி விடு, டீ ஆறுது.

அவன் ஒத்தை ஆளு, தம் பிடிக்காம இழுக்கிறான். டிக் டிக் டிக்னு அவ்வளவு பெரிய மெஷின் லாரியை விட்டு எந்திரிக்குது. முப்பத்திநாலு வருஷம் இந்தப் பாடம் நடத்தியிருக்கேன் தாயி. போர்டுல வட்டம் போடுவேன், அம்புக்குறி போடுவேன். நிஜத்துல ஒரு கப்பியைக் கையால தொட்டதில்லை. பாத்துக்கிட்டே நின்னுட்டேன்.

"எவ்வளவு எடைப்பா அது?"

அண்ணாந்து பாத்தான். மடிச்சுக் கட்டின வேட்டியை இறக்கி விட்டுட்டான். "ஒன்னரை டன் டீச்சர். சங்கிலி ரெண்டு டன் தாங்கும்."

"என்னைத் தெரியுமா?"

"ஏழாம் வகுப்பு பி பிரிவு, சேர்மக்கனி. சயின்ஸ்ல பெயில் டீச்சர்."

"கப்பிப் பாடம் நான்தானே நடத்தினேன்."

"நீங்கதான் டீச்சர். நீங்க படம் போட்டப்போ நான் வெளிய வெயில்ல முட்டி போட்டிருந்தேன். எதுத்தாப்ல ஒரு பிரஸ்ல மெஷின் இறக்கிட்டிருந்தாங்க. அதைப் பாத்துக்கிட்டே இருந்தேன்."

பாத்தியா? எப்படியும் என் வகுப்புல கத்துக்கிட்டதுதான்.

"சேர்மக்கனி, நான் அந்த மெஷினை விட எடை குறைவுதானே?"

அவனுக்குச் சட்டுனு புரியலை. புரிஞ்சதும் சங்கிலியை விட்டுட்டான். மெஷின் அப்படியே அந்தரத்துல நிக்குது, விழலை. "டீச்சர், மெஷின்னா பேசாது"ன்னான்.

"நானும் பேச மாட்டேன்."

அவன் சங்கிலியைத் திரும்பக் கையில எடுத்துக்கிட்டான்.

மறுநாள் அளவு எடுக்க வந்தான். மொட்டை மாடியில ஒரு இரும்புக் கர்டரைப் போட்டு, தெருப்பக்கம் மூணு அடி நீட்டணும், உள்பக்கம் ஒன்பது அடி. நீட்டின முனையில செயின் பிளாக், உள் முனையில பாரம். நெம்புகோல்தான். கைப்பிடிச்சுவர் ஆதாரப்புள்ளி. பார்க்குல பிள்ளைங்க ஏறி ஆடற ஏத்தாங்கொம்பு மாதிரி ஒரு பக்கம் நான், மறுபக்கம் அண்ணாச்சியோட பேப்பர் பண்டல்.

"எடை சொல்லுங்க டீச்சர்."

"எழுபத்தெட்டு."

பென்சிலைக் காதுல சொருகிட்டு என்னைப் பாத்தான். "இப்ப உள்ள எடைங்களா டீச்சர்?"

"எழுபத்தெட்டுன்னா எழுபத்தெட்டுதான்."

அது பொய்யில்லை. ரிட்டயர் ஆன வருஷம் ரயில்வே ஸ்டேஷன் மெஷின்ல அட்டையே வந்துச்சு. அதுக்கப்புறம் நான் என்ன சாப்பிட்டேன், ரெண்டு இட்லி.

நான் அங்கேயே கணக்குப் போட்டுச் சொன்னேன். எழுபத்தெட்டை மூணால பெருக்கு, ஒன்பதால வகு, இருபத்தாறு கிலோ வரும். ஒரு பண்டல் இருபத்தஞ்சு கிலோ. ஒண்ணேகால் பண்டல் போதும். அவன் தலையாட்டிக் கேட்டுக்கிட்டான். கல்யாணத்தன்னிக்குக் காலையில மேலேருந்து ஆளுங்க எண்ணுற சத்தம் கேக்குது, ஆறு, ஏழு, எட்டு.

"எட்டு எதுக்குடா?"ன்னு கத்தினேன்.

"கணக்குக்கு ஒண்ணேகால் போதும் டீச்சர்"னு அவன் கீழேருந்து சொன்னான். "மெஷின் விக்கிறவங்க எப்பவும் எடையைக் குறைச்சுத்தான் சொல்வாங்க. நாங்க கூடப் போட்டுக்கிடறது வழக்கம்."

என்னை எதுக்கு மெஷின் விக்கிறவங்களோட சேக்கிறான்னு அப்போ கேக்க நேரமில்லை.

எட்டு மணி. சாம்பல் கலர்ல பட்டுச் சேலை, கையில ஹேண்ட்பேக், குடை. கம்பியை முந்தின நாளே அறுத்தாச்சு. நாலு காலும் உரமா உள்ள தேக்கு சேர்ல என்னை உக்கார வச்சு, அகலமான பெல்ட்டை இடுப்புக்கும் தோளுக்குமாக் கட்டி, கொக்கியில மாட்டினாங்க. சேர்மக்கனி தெருவுல நின்னு சங்கிலியை இழுத்தான். டிக் டிக் டிக். பால்கனித் தரை என் காலை விட்டுப் போச்சு. ரெண்டு பேர் மெதுவா வெளிய தள்ளினாங்க.

நான் பயப்படலை. கண்ணை மூடினது வெயிலுக்கு.

அப்புறம் இறக்க ஆரம்பிச்சான். டிக் டிக் நின்னுருச்சு. "சேர்மக்கனி, சத்தத்தைக் காணோமே"ன்னேன்.

"ஏத்தறப்போதான் டீச்சர் சத்தம் வரும். இறங்கறப்போ வராது."

இதை எந்தப் புஸ்தகத்துலயும் போடலை பாரு.

தெருவே கூடியிருக்கு. எதுத்த வீட்டு மாடி, பக்கத்துச் சந்து, எல்லாம் என்கிட்டப் படிச்ச மூஞ்சிகள். ஒருத்தன் "குட் மார்னிங் டீச்சர்"ங்கிறான், பழக்கதோஷத்துல மொத்தக் கூட்டமும் சொல்லுது. நானும் "உக்காருங்க"ன்னுட்டேன். சேர் மெதுவாச் சுத்த ஆரம்பிச்சது. ஒத்தைக் கொக்கியில தொங்கற பொருள் சுத்தத்தானே செய்யும். தெருவைப் பாக்கிறேன், அப்புறம் அண்ணாச்சி பிரஸ் போர்டைப் பாக்கிறேன், அப்புறம் சுவரு, மறுபடி தெரு. சுத்தாம இருக்க சேர்ல ஒரு கயிறு கட்டிக் கீழ ஒரு ஆளு பிடிச்சுக்குவாங்களாம். அன்னிக்கு மறந்துட்டானாம். கயிறு அவன் தோள்லதான் கிடந்துச்சு.

பாதிக்கு மேல இறங்கியாச்சு. அப்போ கூட்டத்தை விலக்கிக்கிட்டு ஒருத்தி ஓடி வர்றா. அரக்குப் பட்டு, தலை நிறைய மல்லிகை, ஒரு காதுல கம்மல், மறு காதுல இல்லை. லில்லி. யார் போய்ச் சொன்னாங்களோ.

"ஏ சேர்மக்கனி, எங்க அக்காவை என்ன செய்றே?"

அவ அப்படிக் கேட்டதும் சங்கிலி நின்னுருச்சு. சிக்கிக்கிச்சாம். "முறுக்கு விழுந்துருச்சு டீச்சர், சரி பண்ணிரலாம்"னு சொல்லிட்டு, அவன் பாட்டுக்கு டீக்கடைப் பக்கம் போய்ட்டான்.

நான் லில்லிக்கு நேராத்தான் இருந்தேன், ஒரு ஆள் உயரத்துக்கு மேல. "கல்யாண வீட்டை விட்டுட்டு இங்க எதுக்கு வந்தே?"ன்னேன். சொல்லி முடிக்கல, சேர் திரும்பிருச்சு.

"பாரு, பேசும்போதே மூஞ்சியைத் திருப்பிக்கிறா"ங்கிறா பின்னாலேருந்து.

"நான் திருப்பலைடி. சங்கிலி திருப்புது."

"எப்பவும் உனக்கு ஒரு காரணம் இருக்கும்."

நான் பதில் வச்சிருக்கேன். ஆனா என் முன்னாடி சுவரு. ஒரு பல்லி என்னைப் பாக்குது. சுத்தி வர்ற வரைக்கும் காத்திருக்கணும். சுத்தி வந்தா, அவ அழுதுக்கிட்டு நிக்கிறா. கல்யாணத்தன்னிக்குப் பொண்ணைப் பெத்தவ தெருவுல நின்னு அழறா. நான் சொல்ல வச்சிருந்தது மறந்து போச்சு.

"ரெண்டு வருஷம்க்கா. ஒரு தடவை போன் பண்ணினியா?"

"வாசப்படியில கால் வைக்காதேன்னு நீதானே…" மறுபடியும் திரும்பிருச்சு.

"கோவத்துல சொன்னேன். அதைப் பரீட்சைக் கேள்வி மாதிரி அப்படியே எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கிட்டே. ஜெமிமா காலையிலேருந்து கேக்கிறா, பெரியம்மா வருவாங்களா வருவாங்களான்னு. நான் என்ன சொல்லட்டும்?"

நான் சுவரைப் பாத்துக்கிட்டிருக்கேன். சுண்ணாம்பு உரிஞ்சிருந்தது. "அன்னிக்கு நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்"னு சொன்னேன். அவகிட்ட இல்லை, சுவர்கிட்ட. மெதுவாத்தான் சொன்னேன். மன்னிப்பெல்லாம் கேக்கலை, நீ அப்படி வெளிய போய்ச் சொல்லிராதே.

சேர் சுத்தி வந்துச்சு. லில்லி அழுகையை நிப்பாட்டியிருந்தா. ரெண்டு கையையும் மேல நீட்டி சேர்க்காலைப் பிடிச்சுக்கிட்டா. சுத்தறது நின்னுருச்சு. இப்போ நேருக்கு நேர், ரெண்டு பேரும் எங்கயும் திரும்ப முடியாது.

"கம்மல் எங்கடி?"ன்னேன்.

"ஓடி வந்தேன்ல"ன்னா.

சேர்மக்கனி டீ கிளாஸை வச்சுட்டு வந்தான். சங்கிலியைக் கையில எடுத்தான், ஒரு தட்டு கூடத் தட்டலை, சரியாயிருச்சு. அதிர்ஷ்டம்னுதான் சொல்லணும்.

கல்யாணம் நல்லா நடந்துச்சு. முன் பென்ச்ல உக்காந்தேன். மாப்பிள்ளையோட அத்தை பக்கத்துல வந்து, "டீச்சராமே நீங்க, எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணு எப்படிங்க, கெட்டிக்காரியா?"ன்னு கேட்டாங்க. லில்லி பலிபீடத்துப் பக்கம் நின்னு என்னையே பாக்கிறா. நான் ரெண்டு தடவை தொண்டையைச் செருமினேன். "பிரியாணி எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டேன். "இன்னும் பந்தியே போடலைங்களே"ன்னுட்டு அந்தம்மா ஒரு மாதிரியாப் பாத்துட்டுத் தள்ளி உக்காந்தாங்க.

சாயங்காலம் வீட்டுக்கு வரணும்ல? சேர்மக்கனி தூத்துக்குடிக்கு ஏதோ பாய்லர் ஏத்தப் போய்ட்டான், சங்கிலியோட. வேற வழி? லில்லி வீட்டுல தங்கினேன். பன்னெண்டு நாள். மூணாம் நாள் மீன் குழம்புக்குப் புளி கூடிப்போச்சுன்னேன், அரை நாள் பேசலை, அப்புறம் பேசினா. அவனுக்குப் போன் பண்ணச் சொல்லி நானும் அவசரப்படுத்தலை, அவளும் பண்ணலை.

பதிமூணாம் நாள் அவனே வந்து நின்னான். மறுபடியும் கர்டர், மறுபடியும் பண்டல். தெருவுல சேரைப் போட்டு என்னை உக்கார வச்சிருக்காங்க. லில்லி பக்கத்துல நிக்கிறா. மேல ஆளுங்க பண்டல் எண்ணுறாங்க. நாலு, அஞ்சு, அப்புறம் சத்தத்தைக் காணோம். அஞ்சோட நிறுத்திட்டாங்களா? அதுவும் கர்டர் முனையிலதான் வைக்கிறாங்களா, நடுவுல வைக்கிறாங்களா? நடுவுல வச்சா திருப்புத்திறன் பாதியாக் குறைஞ்சிரும். இங்கேருந்து கத்தினா அவங்களுக்குக் கேக்கலை. எனக்கு இருப்புக் கொள்ளலை. இவங்களை நம்பி எப்படி உக்கார்றது?

போய்ப் பாத்தேன். எட்டுப் பண்டல் சரியா இருந்துச்சு, ஒண்ணு மட்டும் முனையை விட்டு உள்ள தள்ளியிருந்தது. சொல்லித் திருத்தினேன். சேர்மக்கனி மேலதான் நின்னுக்கிட்டிருந்தான். என்னைப் பாக்கிறான், படியைப் பாக்கிறான்.

"டீச்சர், மொட்டை மாடிக்கு வந்துட்டீங்க."

"வராட்டி நீங்க தப்பா வப்பீங்கடா."

"வீட்டைத் தாண்டி வந்துட்டீங்க டீச்சர். வீடு ஒரு மாடி கீழ."

அவன் சொன்னப்புறம்தான் யோசிச்சேன். முட்டி அன்னிக்கு என்னவோ கொஞ்சம் இளக்கமா இருந்தது. மீன் நிறையச் சாப்பிட்டதால இருக்கும்.

என்ன பண்றதுன்னு ஒரு நிமிஷம் நின்னேன். அப்புறம் இறங்கித் தெருவுக்கு வந்து, பேசாம சேர்ல உக்காந்தேன். பின்ன என்ன செய்யச் சொல்றே? காலையிலேருந்து நாலு பேர் வேலை பாத்துக் கட்டியிருக்காங்க, கர்டர் நிக்குது, சங்கிலி தொங்குது. அதைச் சும்மா அவுக்கச் சொல்றது மரியாதையா?

கொக்கியை மாட்டினாங்க. டிக் டிக் டிக்னு தெரு முழுக்கக் கேக்குது. சேர் சுத்தாம இருக்க லில்லி அதோட காலைப் பிடிச்சிருந்தா. நான் மேல போகப் போக அவ கையும் மேல வருது. குதிகாலைத் தூக்கி நின்னு பிடிச்சா. அப்புறம் விரல் நுனி மட்டும். அப்புறம் எட்டலை, விட்டுட்டா. சேர் மறுபடியும் சுத்திருச்சு, நான் சுவரைப் பாத்துட்டே ஏறினேன், கீழ அவ என்ன செய்றான்னு தெரியலை.

திரும்பி வந்து பாத்தா தெருவுல அவளைக் காணோம். எனக்குத் திக்குனு இருந்துச்சு. சொல்லாமக் கொள்ளாமப் போய்ட்டாளேன்னு.

பால்கனி மட்டத்துக்கு வந்தேன். இங்கதான், நீ முதல்ல சாயப் போன இடத்துல, லில்லி மூச்சு வாங்க நின்னுக்கிட்டு, சேரை உள்ள இழுக்க ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டிருந்தா.